இடது பக்கம் கடல் வரும்

எங்கள் பக்கத்தில் ஒருவன் கார் எடுத்துக்கொண்டு வெளியூர் கிளம்புவது அவனுடைய சொந்த விஷயம் அல்ல. கல்யாணமான புதிதில் எனக்கு இந்த ஞானம் இல்லை.

என் மனைவி கோமதி ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். கடலையே பார்த்ததில்லை. "நான் காட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். சும்மா காட்டுவேனா? தூத்துக்குடியில் தொடங்கி மணப்பாடு, உவரி என்று ஆளரவமற்ற கடலோரமாகவே கன்னியாகுமரி வரைக்கும். மில் ஆபீஸில் வேலை நேரத்தில் (முதலாளி மன்னிக்கவும்) ஒரு மாதம் செல்போன் மேப்பைத் தேய்த்துக் கண்டுபிடித்த பாதை. வழி நெடுக இடது பக்கம் கடல் வரும், அதாவது கோமதியின் ஜன்னல் பக்கம். அதையும் யோசித்து வைத்த மேதை நான். கார் மாமனாருடையது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

சாவியோடு அவர் ஒரு மஞ்சப்பையையும் நீட்டினார். உள்ளே கொழுந்தியாளின் கல்யாணப் பத்திரிகைகள், குங்குமச் சிமிழ்.

"மாப்பிள்ளை, சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம் எல்லாம் ஒங்களுக்குப் போற வழிதான? ஒரு எட்டு குடுத்துருங்க. வண்டி நாளைக்குக் காலைல எனக்கு வேணும்."

"அதுக்கென்ன மாமா, வாசல்ல நின்னு குடுத்துட்டுப் போயிருவோம்," என்றேன். (பத்திரிகையை! வாசலில் நின்று! இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.)

சங்கரன்கோவில் பெரியம்மா எங்களைக் கண்டதும் அடுப்பைப் பற்றவைத்தார். "புது மாப்பிள்ளை வெறும் வயித்தோட போனா ஊரு என்ன பேசும்?" இட்லி. அதே ஊர்வாய்க்குப் பயந்து கழுகுமலையில் பூரி. கோவில்பட்டியில் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். "அவிய கையில குடுத்தாத்தான் மொறை. செத்த நேரம் இருங்க." அவர் வருவதற்குள் எனக்குச் சாப்பாடு போட்டு, பாயும் விரித்துவிட்டார்கள்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கோமதி, கடலுக்கென்றே வாங்கிய கூலிங் கிளாஸைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

எட்டயபுரத்தில் அவளுடைய சித்தப்பா. பத்திரிகையை விரித்து, கண்ணாடி போட்டு, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"ஏட்டி கோமதி, எம் பேரு எங்கட்டி?"

இல்லை. முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை.

"அம்புட்டுப் பேரு போட்டிருக்கு, எனக்கு எடமில்லையோ?" பத்திரிகையைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார். மாமனாருக்குப் போன் போட்டேன். அச்சகத்துக்காரன் மேல் பழி, பழைய வரப்புத் தகராறு, யார் கல்யாணத்தில் யார் சாப்பிடாமல் போனார்கள் என்பதெல்லாம் என் செல்போன் வழியாகவே பேசி முடித்தார்கள். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் மாமனார் என்னிடம் சொன்னார்: "மாப்பிள்ளை, அவியள அப்படியே வண்டியில ஏத்திட்டு வந்துருங்க. நேர்ல பேசித் தீத்துருவோம்."

திரும்பி வரும்போது இடது பக்க ஜன்னலில் சித்தப்பா. வழி நெடுக முறைத்துக்கொண்டே வந்தார். பின்சீட்டில் கோமதி. "விடுங்க, கடல் எங்க போயிரப் போவுது?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வண்டி ஓட்டிக்கொண்டே கண் கலங்கியவன் நான்தான்.

மறு வருஷம் கோமதி தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து டீச்சர்களோடு வேனில் போய்க் கடலைப் பார்த்துவிட்டாள். நான் இன்னும் அவளோடு பார்க்கவில்லை. மாமனார் வீட்டு டிவியில் 'திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது' என்று செய்தி வந்தால் போதும், மாமியார் அடுக்களையிலிருந்து குரல் கொடுக்கிறார்: "ஏட்டி, மாப்பிள்ளை அந்தப் பக்கமா கெளம்பிட்டாரா?"