இடுப்பில் நிற்காத போன்

போன் கீழே விழுந்த சத்தம் கேட்கக் கொஞ்ச நேரம் ஆனது. எட்டு மாடி போய்ச் சேர வேண்டுமே.

லிஃப்ட் கூண்டின் மேல் மண்டியிட்டிருந்த மெக்கானிக், கையில் ஸ்பேனரோடு குழியை எட்டிப் பார்த்தார். அடியில் சின்னதாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. பிறகு அதுவும் அணைந்துபோனது.

"என்னண்ணே, மறுபடியுமா?" என்று வெளியே நின்ற வாட்ச்மேன் கேட்டார்.

"மறுபடியும்தான்."

கம்பெனி கொடுத்த இரண்டாவது போன் அது. முதல் போன், சட்டைப் பையின் அடித்தையல் விட்டு அதன் வழியாகப் போனது. அப்போது யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. முந்தின வாரம்தான் கூட வேலை பார்த்த நெட்டையன் இதே மாதிரி ஒரு குழியில் விழுந்து, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு படுத்திருந்தான். எல்லோருக்கும் அந்தக் கவலை. இந்த முறை போனது, காந்த மூடி வைத்து மனைவி தைத்துக் கொடுத்த பெல்ட் பவுச்சோடு. பெல்ட்டைக் கோக்கிற பட்டை பிய்ந்துவிட்டது.

சூப்பர்வைசர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் உன் நம்பருக்குத்தான் கூப்பிடுறான். உன் போன் குழியில கெடந்தா அவன் யாரைக் கூப்பிடுவான்? இன்னொண்ணு போச்சுன்னா நீ ஸ்டோருக்குப் போயிடு. நட்டு போல்ட்டை எண்ணிக்கிட்டு உக்காரு."

ஸ்டோர் கீப்பர் வேறு யாருமில்லை, மெக்கானிக்கின் மச்சினன். மனைவியின் தம்பி. அவனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே இவர்தான். அவன் மேஜை முன்னால் நின்று லீவுக்கு எழுதிக் கொடுப்பதை நினைத்தாலே மெக்கானிக்குக் காது சுட்டது.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. நின்றுபோன லிஃப்டின் கதவை நெம்பித் திறக்கும்போது, உள்ளே வியர்த்துப்போய் நிற்பவர்கள் அவரை ஒரு பார்வை பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலைக்குப் போனதே அந்தப் பார்வைக்காகத்தான். நட்டும் போல்ட்டும் அப்படிப் பார்க்காது.

வீட்டில் மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அவள் தைத்துக் கொடுத்த சீருடை, பிள்ளை வளர்ந்து தம்பிக்கு வந்த பிறகும் கிழியாது என்று தெருவில் பேர்.

"போன்தானே, போனாப் போகுது. நீங்க முழுசா வந்தீங்கல்ல?" என்றாள்.

மெக்கானிக்குக் கோபம் வந்தது. "ஸ்டோருக்குப் போடுறேங்கிறான். உன் தம்பி கீழ நான் வேலை பாக்கணும். உனக்கு விளையாட்டா இருக்கா?"

"ஏன், அவன் என்ன கடிச்சா வைக்கப்போறான்? நல்ல கேஸா ஒண்ணு வாங்கிட்டு வாங்க, போங்க."

கடைக்காரர் ஒரு முரட்டு பிளாஸ்டிக் கேஸை எடுத்து, தன் இடுப்பில் மாட்டிக் காட்டினார். "ஸ்பிரிங் கிளிப்பு சார். இதை மாட்டிக்கிட்டு குட்டிக்கரணம் போடலாம்."

"எங்க, போட்டுக் காட்டுங்க."

கடைக்காரர் தன் தொப்பையைப் பார்த்தார். "சாருக்கு நம்பிக்கையே இல்ல," என்று சொல்லி அதைப் பையில் போட்டுவிட்டார்.

கேஸ் கெட்டியாகத்தான் நின்றது. மூன்று நாள் குனிந்தார், தவழ்ந்தார், தொங்கினார், போன் அசையவில்லை. ஆனால் அவர் குனியும்போதெல்லாம் கேஸ் விலாவில் இடித்து, பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கியது. அமுக்கினால், கடைசியாகப் பேசிய நம்பருக்கு அதுவே போன் போட்டது. கடைசியாகப் பேசியது சூப்பர்வைசரிடம்.

"அந்தக் கடுவன் பூனைக்கு லிஃப்டுக்கும் அலமாரிக்கும் வித்தியாசம் தெரியாது," என்று மெக்கானிக் வாட்ச்மேனிடம் ஆரம்பித்து, விடாமல் இருபது நிமிஷம் பேசினார். சாயங்காலம் அலுவலகத்துக்குப் போனபோது சூப்பர்வைசர் அலமாரியைத் தட்டிக் காட்டி, "இது எத்தனையாவது மாடிக்குப் போகும்?" என்று கேட்டார்.

அன்றைக்கே மெக்கானிக் போய் இன்னொரு கேஸ் வாங்கினார். கனமான கித்தான் துணி. உள்ளே ஜிப், அதற்கு மேல் ஒட்டுப்பட்டை, அதற்கும் மேல் கொக்கி. எதுவும் எதையும் அமுக்காது. உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வெளியே வராது என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை.

மறுநாள் வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க வந்த சூப்பர்வைசர், ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். பதினான்கு முறை கூப்பிட்டார். பதினைந்தாவது முறை ஏதோ அதிர்வது மெக்கானிக்குத் தொடையில் தெரிந்தது. கொக்கியைக் கழற்றி, ஒட்டுப்பட்டையைப் பிய்த்து, ஜிப்பை இழுத்தார். கிரீஸ் பட்ட ஜிப் நகரவில்லை. பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே படியிறங்கி ஓடினார்.

கதவை நெம்பித் திறந்தபோது, உள்ளே வியர்த்துப்போய் நின்ற சூப்பர்வைசர் அவரைப் பார்த்தார். வழக்கமான அந்தப் பார்வை இல்லை. எதிரே ஒருவன் தன் இடுப்பைத் தானே கடித்துக்கொண்டு வந்து நின்றால் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"உனக்குக் கடைசி வாய்ப்பு," என்றார் சூப்பர்வைசர். "நாளைக்கு நான் பக்கத்துலயே நிப்பேன்."

மெக்கானிக் வீட்டுக்கு வந்து, இரண்டு கேஸையும் மேஜையில் வரிசையாக வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். கண் கலங்கியது. நெட்டையனைப் பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பிய மனைவி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கான்?"

"கோல் ஊனி நாலு எட்டு வைக்கிறாராம். அவர் பொண்டாட்டி அழுது அழுது பாதியாயிட்டா." அவர் முன்னால் இருந்த கேஸ்களைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அந்தப் பிளாஸ்டிக் கேஸைக் குடுங்க," என்றாள். "பொத்தான் இருக்கிற எடத்துல பஞ்சு வைக்கிறேன். கிளிப்பே வேணாம், பெல்ட்டோட சேத்தே தைச்சுடுறேன். பெல்ட் விழுந்தாத்தான் போன் விழணும்."

மெக்கானிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை?

"பக்கிள்கிட்டயும் தையல் லேசா விட்டிருக்கு. அதையும் பாத்துடுறேன்," என்று சொல்லி அவள் மிஷினுக்குப் போனாள்.

காலையில், மேலே ஏறும்போது அவர் தோளில் மாட்டும் பாதுகாப்பு வாரை வழக்கம்போல அவளே மூன்று தடவை இழுத்துப் பார்த்து எடுத்து வைத்தாள். கேஸ் தைத்த பெல்ட், பேண்ட்டின் வளையங்களுக்குள் நுழையவில்லை. அதனால் என்ன, மேலாகக் கட்டிக்கொண்டார்.

எட்டாவது மாடி. சூப்பர்வைசர் கதவருகே கைகட்டி நின்றார். மெக்கானிக் பாதுகாப்பு வாரை மாட்டி, கூண்டின் மேல் இறங்கி, நிமிர்ந்து, இடுப்பைத் தட்டிக் காட்டினார். "பாத்தீங்களா சார், இனிமே இது எங்கயும் போகாது."

பிறகு குனிந்தார்.

பக்கிளருகே டப் என்று ஒரு சத்தம். பெல்ட் இடுப்பை விட்டு நழுவியது. கேஸ் பெல்ட்டை விடவில்லை, போன் கேஸை விடவில்லை; மூன்றும் ஒன்றாகவே கிளம்பின. பேண்ட்டும் கூடவே கிளம்பப் பார்த்தது. ஒரு கையில் ஸ்பேனர் இருந்தது. இன்னொரு கையால் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். மெக்கானிக் பேண்ட்டைப் பிடித்தார்.

சத்தம் கேட்கும் வரை இருவரும் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"திங்கட்கிழமை ஸ்டோருக்கு வந்துடு," என்றார் சூப்பர்வைசர்.

திங்கட்கிழமை ஸ்டோரில், மச்சினன் தன் நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டான். அது அவரை இன்னும் நோகடித்தது. முதல் வேலையே, மெக்கானிக்குகள் எல்லோருக்கும் கம்பெனி புதிதாக வாங்கிய போன் கேஸ்களை எடுத்துக் கொடுப்பதுதான். ஒவ்வொருவனும் வந்து, "அண்ணே, இதுல எதுண்ணே நல்லது? உங்களுக்குத்தான் அனுபவம்," என்று கேட்டு வாங்கிப் போனான். அவர்கள் எல்லோரும் மேலே போனார்கள். லிஃப்ட் ஏறும் சத்தம் சுவருக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. "என் விதியைப் பாரு மாப்ளே. உங்கக்கா தைச்சு ஒரு பட்டன்கூட இதுவரைக்கும் விட்டதில்ல. ஊரே சொல்லுது. எனக்குன்னு தைச்சா மட்டும் சட்டைப் பையும் பிரியுது, பவுச்சும் பிரியுது, பெல்ட்டும் பிரியுது."

மச்சினன் பதிவேட்டில் தலையைப் புதைத்துக்கொண்டான்.

"தானா பிரியல மாமா. நீங்க விழுறதுக்கு முன்னாடி போனாவது விழட்டும், உங்களைக் கீழ எறக்கிடுவாங்கன்னு, அக்காதான் ஒவ்வொண்ணா பிரிச்சு விட்டா."