புகையண்ணாவும் இருபத்து நாலு வெள்ளை வட்டங்களும்

இரும்புலியூரிலிருந்து மறைமலை நகர் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் சல்லடை போட்டுத் தேடினாலும், புகையாக நடிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். வில்லனாக நடிக்கிறவர்கள் உண்டு, நல்லவராக நடிக்கிறவர்கள் ஏராளம். புகையாக நடித்து, பார்க்கிறவருக்கு இருமலே வரவழைத்தவர் அவர் மட்டும்தான். நிஜப் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. என் போனில் இன்றைக்கும் ‘புகையண்ணா’ என்றுதான் இருக்கிறது.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற ஹாஸ்டல் ஒன்றில் நான் வார்டன். மூன்று மாடி, இருபத்து நாலு அறை. அறைக்கு அறை புகையைக் கண்டுபிடிக்கும் கருவி வைத்தால்தான் தீ பாதுகாப்புச் சான்றிதழ் என்று சொல்லிவிட்டார்கள். அதை மாட்டுவதற்காகக் கம்பெனி அனுப்பிய ஆள், ஸ்கூட்டரின் பக்கவாட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு அனகாபுத்தூரிலிருந்து வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த காலை நேரம். முதல் அறையைத் திறந்துவிட்டேன். உள்ளே நுழைந்தவர் ஏணியை ஓரமாக வைத்தார். பிறகு தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்.

ஓடிப்போய்க் குனிந்தேன். “என்னங்க, மயக்கமா?”

“பேசாதீங்க மேடம். நான் இப்ப புகை.”

அப்படியே மெல்ல எழுந்தார். கைகள் நெளிந்தன, இடுப்பு வளைந்தது. சுழன்று சுழன்று ஏணியில் ஏறி, கூரையில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். “ஃபேனைப் போடுங்க” என்றார். போட்டேன். “தள்ளுது பாருங்க என்னை!” என்று கீழே இறங்கி, ஜன்னல் பக்கமாக அடித்துக்கொண்டு போனார்.

எனக்கோ கூரையின் அழகுதான் கவலை. “அந்த மூலையில வெச்சிடுங்களேன். கண்ணுல படாம இருக்கும்.”

“அந்த மூலைக்கு நான் வர மாட்டேன்.”

“நீங்க எதுக்கு? கருவியைத்தான் சொல்றேன்.”

“புகையாத்தான் சொல்றேன் மேடம். மூலைல காத்து தேங்கி நின்னுகினு கீது. என்னை உள்ளவே வுடாது.”

இப்படி இருபத்து நாலு அறையிலும் படுத்து எழுந்தார். ஒரே மாதிரி அறைகள்தானே, ஒன்றில் நடித்தால் போதாதா என்று கேட்டேன். “ஒவ்வொரு ரூம்லயும் ஃபேன் வேற இடத்துல கீதே” என்றார். அது உண்மைதான். பத்து வருஷமாக அந்த ஹாஸ்டலில் இருக்கும் நான் அதைக் கவனித்ததில்லை.

முதலில் வட்டமான அடித்தட்டைக் கூரையில் திருகி முடுக்கி, ஒயரை அதில் இணைத்து, பிறகுதான் கருவியின் தலையை அதில் வைத்துத் திருக வேண்டும். தலையை மாட்ட ஒரு நிமிஷம். ஒவ்வொரு அடித்தட்டுக்கும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். முழுசாக வருகிற நல்ல ஒயரை ஒவ்வொரு தட்டிலும் வெட்டி, வருகிற முனையைத் தனியாகவும் போகிற முனையைத் தனியாகவும் மாட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை.

“எதுக்குங்க வெட்டறீங்க? தோலை மட்டும் சீவி, ஸ்க்ரூல ஒரு சுத்து சுத்திட்டு அப்படியே அடுத்த ரூமுக்குக் கொண்டு போகலாமே?”

ஏணியின் மேலிருந்தே என்னைப் பார்த்தார். “நீங்க டெய்லி அட்டெண்டன்ஸ் எடுப்பீங்க இல்ல? ஒரு பொண்ணு வரலன்னா பக்கத்துல கீற பொண்ணு ‘பிரசன்ட்’னு சொன்னா ஒத்துப்பீங்களா?”

“எப்படி ஒத்துக்க முடியும்?”

“வெட்டாம சுத்துனா அதான் மேடம் நடக்கும். யாரோ தலையைக் கழட்டிட்டாலும் ஒயர் ‘நான் கீறேன்’னு பொய் சொல்லும். வெட்டி மாட்டுனா, தலை இல்லன்னா லைன் அறுந்துடும். கீழ உங்க ஆபீஸ் செவுத்துல மாட்டப்போற அலாரம் பொட்டி கத்திடும்.”

வார்டனுக்கு இதைவிடத் தெளிவாக யாராலும் விளக்க முடியாது.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அந்தப் பெட்டி கத்தியது. மஞ்சள் விளக்கு. மூன்றாவது மாடியில் ஏதோ ஒரு தலை இல்லை. போன் செய்தேன், ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனோம். கடைசி அறையில், மறைமலை நகரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும், அன்றைக்கு இரவு ஷிப்ட் என்பதால் அறையிலேயே இருந்த மலர் கதவைத் திறந்தாள். கூரையில் அடித்தட்டு மட்டும் இருந்தது. தலை, துப்பட்டாவில் சுற்றி, அலமாரிக்குள் துணிகளுக்கு அடியில்.

நான் கத்த ஆரம்பித்தேன். ரூமில் நூடுல்ஸ் செய்தாயா, விளையாட்டா, உயிரோடு விளையாடுகிறாயா, எல்லாம். மலர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்:

“அது கேமராதானே அக்கா?”

“என்னது?”

“சிவப்பு லைட்டு மின்னிக்கிட்டே இருக்கு. கட்டிலுக்கு நேரா. நாலு மாசமா பாத்ரூம்லதான் டிரஸ் மாத்தறேன். இன்னைக்கு முடியலை. கழட்டிட்டேன்.”

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. துணி துவைக்கும் நேரத்துக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன், கேட் மூடும் நேரத்துக்கு ஒட்டியிருக்கிறேன். இத்தனை பெண்களின் தலைக்கு மேலே கண் சிமிட்டும் ஒன்றை மாட்டிவிட்டு, அது என்ன என்று ஒரு வரி சொல்லவில்லை.

புகையண்ணா ஏணியில் சாய்ந்து நின்றார். “தப்பு என் மேலதாம்மா,” என்றார். “புகை எப்படிப் போவும்னு பார்த்தேன். படுத்துகினு கீறவங்க கண்ணுக்கு அது எப்படித் தெரியும்னு பார்க்கல. மன்னிச்சுக்கோ. உனக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும் இது கழண்டே கெடக்கட்டும்.” பிறகு வராந்தாவுக்குப் போய் யாருக்கோ போன் செய்தார். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகளுக்காம். “உன் ரூம்ல மேல இன்னா கீதுன்னு உனக்குத் தெரியுமா பாப்பா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவராகவே வந்தார். சாப்பாட்டு ஹாலில் எல்லாப் பெண்களையும் உட்காரவைத்து, ஒரு கருவியைத் துண்டு துண்டாகப் பிரித்து மேசையில் பரப்பினார்.

“உள்ள கண்ணு இருக்கா அண்ணா?” என்றாள் ஒருத்தி.

“கீது. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்.”

ஹாலில் சலசலப்பு. நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

“ஆனா அதால வெளிய பார்க்க முடியாது. இந்தக் கறுப்புக் கூடுதான் அதோட ஒலகம். உள்ள ஒரு வெளக்கு கீது, அந்த வெளிச்சம் கண்ணு மேல படாது. புகை உள்ள வந்தா வெளிச்சம் செதறிக் கண்ணுல படும். உடனே கத்தும். படம் புடிக்கத் தெரியாது. நம்பாதீங்க, கையில எடுத்துப் பாருங்க.”

கூட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். சிலர் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார்கள். மலர்தான் கடைசியாக வாங்கினாள், ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, “என் ரூம்ல நானே மாட்டட்டுமா?” என்றாள்.

அவளோடு மூன்றாவது மாடிக்குப் போய், அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மலர் மேலே ஏறி, அடித்தட்டில் தலையைப் பொருத்தித் திருகினாள். டிக் என்றது. கீழே மஞ்சள் விளக்கு அணைந்தது. அவ்வளவுதான், எல்லாருக்கும் அவரவர் அறையில் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மாட்ட ஆசை வந்துவிட்டது. பெட்டி கத்திக் கத்தி ஓய்ந்தது. புகையண்ணா அறை அறையாக ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், சாயங்காலம் வரை ஒவ்வொருத்திக்கும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் கிளம்பிப் போன பிறகுதான் உறைத்தது, காலையிலிருந்து நின்ற மனுஷரிடம் சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் போன் செய்தேன்.

“இன்னா மேடம், எந்த ரூம்ல தலை போச்சு?”

“எல்லாம் சரியா இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை மதியம் இங்க சாப்பிட வாங்க.”

“ஏணி எடுத்துகினு வரணுமா மேடம்?” என்று கேட்டார். வேலை எதுவும் இல்லாமல் நான் ஒருவரை ஹாஸ்டலுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.