நார்மல் ரத்தம்

பன்னிரண்டாவது குழி மஞ்சளாகிவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டார் இரும்பு.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவர் இருபது வருட டெக்னீஷியன். "மாத்திரைன்னு ஒண்ணு நான் முழுங்கினதே கிடையாது" என்று போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டதில் கிடைத்த பட்டப்பெயர்தான் இரும்பு.

இந்தப் புதுப் பரிசோதனையின் மேல் அவருக்குத் தனி மரியாதை. கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல்காரர்களின் ரத்தத்தில் ஆன்ட்டிபாடி என்றொரு எதிர்ப்புப் பொருள் உருவாகிறது. மனிதர் ஆயிரம் சாக்கு சொல்லி மழுப்பலாம். ஆன்ட்டிபாடிக்கு மழுப்பத் தெரியாது. பிளாஸ்டிக் தட்டின் குழியில் துளி ரத்தம் விட்டால் போதும், குழி மஞ்சளாகி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம் என்பார் இரும்பு.

டாக்டரம்மா இரண்டு வருடம் அலைந்து வரவழைத்த பரிசோதனை அது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத, நார்மலான ரத்தம் வேண்டுமென்று இரும்பிடம்தான் கேட்டார். அவரும் மார்பை நிமிர்த்திக் கையை நீட்டினார். அந்தக் குழிதான் இப்போது மஞ்சள். நான்கு மணிக்கு டாக்டரம்மா வந்து பார்ப்பார். நார்மல் ரத்தமே மஞ்சளென்றால் பரிசோதனையைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

தட்டைச் சரியாகக் கழுவவில்லையோ என்று மறுபடி முதலிலிருந்து செய்தார். மஞ்சள்.

ரத்தம் எடுக்கும் அக்காவிடம் ஓடினார். "பழசு கெட்டுப்போச்சு போல. புதுசா எடுங்கக்கா."

"முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கே. ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"நாலு துண்டு பிரெட். வீட்டுச் சாப்பாடுதான் நமக்கு ஆகாது. என் சம்சாரம் எதைச் சமைச்சாலும் வயிறு உப்பிக்குது."

புது ரத்தம் இன்னும் அடர்ந்த மஞ்சள். பதறிப்போய், மிச்சமிருந்த ஒரே பரிசோதனைப் பெட்டியையும் பிரித்துக் குழி குழியாக விட்டுப் பார்த்தார். எல்லாம் மஞ்சள். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு குழி.

வாசல் காவலாளியை இழுத்து வந்தார். "துளி ரத்தம் குடுப்பா, புண்ணியமாப் போகும்."

காவலாளியின் ரத்தம் இரும்பின் பெயரில் குழிக்குள் இறங்கியது. நிறமே மாறவில்லை. மஞ்சளான தன் குழிகளையெல்லாம் கழுவிக் காலியாக்கினார்.

நான்கு மணிக்கு டாக்டரம்மா தட்டைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"உங்க குழியில ஒண்ணுமே இல்லையே."

"ஆமா டாக்டர், பக்கா நார்மல்."

"அப்ப இந்த டெஸ்ட் சரியில்லை. திருப்பி அனுப்பிடுங்க."

இரும்புக்கு ஒன்றும் புரியவில்லை. நார்மலாக வந்தும் அனுப்பச் சொல்கிறாரே. ஆனால் ஒரு பாவமும் அறியாத பரிசோதனை தன் பொய்யால் பழி சுமப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"டாக்டர், அது வாட்ச்மேன் ரத்தம். என்னோடது எத்தனை தடவை பார்த்தாலும் மஞ்சள்தான்."

டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமையான டெஸ்ட். நாளைக்குக் குடலையும் பாத்து உறுதி பண்ணிக்கலாம். உறுதியாச்சுன்னா கோதுமையை விட்டுடுங்க, வயித்து உப்புசம் தானா அடங்கும்."

"நீங்க நார்மல் ரத்தம்தானே கேட்டீங்க?" என்றார் இரும்பு பரிதாபமாக.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அக்கா ஊசிகளை அடுக்கியபடியே சொன்னாள்:

"பிரெட், சப்பாத்தி சாப்பிட்டாலே உங்க வயிறு உப்புதாம். நார்மல் ரத்தம் வேணும்னு கேட்டாத்தான் நீங்க கையை நீட்டுவீங்கன்னு உங்க சம்சாரம்தான் டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னாங்க."