கியர்பொக்ஸுக்கு நான் பரிமாறிய விருந்து

கவலைப்படுகிற தாய்க்குச் சும்மா இருக்கத் தெரியாது. பிள்ளைக்குப் பரீட்சை என்றால் பிள்ளை படிக்கும். தாய் அலமாரியை அடுக்குவாள். என் மகள் ஆரணிக்கு முதல் வேலைக்கான நேர்முகத் தேர்வு வந்தபோது நான் கியர்பொக்ஸைத் திருத்தினேன்.

எங்களுடையது பழைய ஜப்பான் கார். தானாகக் கியர் மாறும் ஓட்டோ கியர். ஆரணியைவிட வயதில் மூத்தது. (மூத்த பிள்ளைக்குரிய செல்லமெல்லாம் அதற்கும் உண்டு.) கொஞ்ச நாளாக அதற்கு ஒரு கெட்ட பழக்கம் பிடித்திருந்தது. சிக்னலில் நின்று புறப்படும்போது எஞ்சின் இரையும், கார் யோசிக்கும். பிறகு பின்னால் யாரோ உதைத்த மாதிரித் திடீரென்று பாயும்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் காரைப் பார்க்கும் மெக்கானிக் சேவியர் பாஸ் ஒரு சுற்று ஓட்டினார். பொனெற்றைக்கூடத் திறக்கவில்லை.

"கியர்பொக்ஸ் முடிஞ்சிருச்சு மேடம். வேற போடணும். ஒரு கிழமை வண்டிய விட்டுட்டுப் போங்க."

நேர்முகத் தேர்வோ வருகிற வியாழக்கிழமை. ஆரணி, த்ரீவீலில் போகிறேன் என்றாள். வேலை கேட்டுப் போகிற பிள்ளை தலை கலைந்து, பஸ் புகை குடித்து இறங்குவதா? நான் விடவில்லை. எஞ்சின் இரைவதைப் பதிவுசெய்து டொரொண்டோவில் இருக்கும் தம்பிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அக்கா, உது ஒயில் குறைவு. ஊத்தினால் சரி."

"உம்மட தம்பி அங்க கணக்காளரல்லோ?" என்றார் கணவர்.

"கணக்காளருக்குக் குறைவு தெரியாதோ?" என்றேன்.

புதன் மாலை ஒரு டின் கியர் ஒயிலோடு இறங்கினேன். ஒயில் அளக்கும் கம்பியில் இரண்டு கோடுகள் இருந்தன. கீழ்க்கோடு கார் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதற்கு. மேல்கோடு ஓடிச் சூடானபின் பார்ப்பதற்கு. இது எனக்கு இப்போது தெரியும். அன்று, குளிர்ந்து கிடந்த காரில் மேல்கோட்டைக் குறிவைத்து ஊற்றினேன். கோட்டைத் தொட்ட பிறகும் டின்னில் மிச்சமிருந்தது. விருந்தாளி போதும் என்று கையால் மறித்தாலும் விரலிடுக்கால் இன்னொரு கரண்டி வைக்கிற பரம்பரை நாங்கள். மிச்சத்தையும் வைத்தேன்.

வியாழன் காலை கார் அழகாகப் புறப்பட்டது. "பார்த்தியா?" என்றேன். ஆரணி கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளவத்தைச் சந்தையடியில் எஞ்சின் கத்தியது, கார் அசையவில்லை. (அளவுக்கு மிஞ்சிய ஒயில் நுரைத்தால் கியர் பிடிக்காதாம்.) அடுத்து, அடியிலிருந்து வெண்புகை. வழிந்த ஒயில் சூடான புகைக்குழாயில் விழுந்திருக்கிறது. எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான்: கார் வெடிக்கப் போகிறது, பிள்ளை உள்ளே இருக்கிறாள்.

"இறங்கு பிள்ளை, இறங்கு."

அவள் இறங்கினாள். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி உள்ளேயே இருந்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள்.) பின்னால், காலி நகருக்குப் போகும் காலி வீதி முழுவதும் ஹோர்ன் அடித்தது. காரை ஓரங்கட்ட ஆட்கள் கூடினார்கள்: மீன் பையோடு ஒரு ஐயா, லொத்தர் சீட்டு விற்பவர், பஸ் கொண்டக்டர், வெள்ளைச் சட்டையில் ஆரணி. மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். கார் மலைபோல் நின்றது. மறுபடி தள்ளினார்கள். மீன் பை கிழிந்ததுதான் மிச்சம்.

கொண்டக்டர் என் ஜன்னலுக்கு வந்து சிங்களத்தில், "அக்கே, நியூட்ரல் தான்ன" என்றார். நியூட்ரலில் போடச் சொல்கிறார். குனிந்து பார்த்தேன். ஆபத்து என்றதும் என் கை தானாகவே கியரைப் பார்க்கில் போட்டுச் சில்லுகளைப் பூட்டியிருந்தது.

"பார்க்கில போட்டுட்டு ஆக்களைத் தள்ள விடுறீங்களே அம்மா," என்றாள் ஆரணி, மிகவும் மெதுவாக. அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை. மெதுவாகக் கதைத்தால்தான் பயம்.

கார் ஓரத்துக்கு உருண்டது. ஆரணி கரியாகிப்போன உள்ளங்கையை நீட்டி ஒரு த்ரீவீலை மறித்தாள்.

"நானும் வாறன்."

"வேண்டாம். நீங்க காரோட இருங்க."

சேவியர் பாஸ் காரைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் ஒயிலை வடித்தார், அடித்தட்டைக் கழற்றினார். "ஃபில்டர் அடைச்சிருக்கு. அதான் இழுக்கல." புது ஃபில்டர், அளவான ஒயில், கார் இன்றும் ஓடுகிறது. முடிந்துபோன கியர்பொக்ஸ் எப்படி உயிர்த்தது என்று நான் கேட்கவில்லை. இவ்வளவு ஒயிலை யார் விட்டது என்று அவரும் கேட்கவில்லை.

ஆரணி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். எதிர்பாராத சிக்கல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்களாம். "அம்மாவைக் காலி வீதியில விட்டிட்டு த்ரீவீல் பிடிப்பன். இப்பதான் செய்துபோட்டு வாறன்," என்று கையைக் காட்டினாளாம்.

வேலை கிடைத்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் சிரிப்பு வரவில்லை. எங்காவது எஞ்சின் இரைந்தால் கை தானாகப் பார்க்கைத் தேடுகிறது, நான் பஸ்ஸில் இருந்தாலும். வீட்டிலோ, தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் சரி, கரண்ட் போனாலும் சரி, கணவர் முதலில் மகளைத்தான் கூப்பிடுகிறார்:

"பிள்ளை, இந்த முறை அம்மாவை எங்க விடுவம்?"