ரூபியின் மாத்திரைக்குப் பாலச்சந்திரன் பாதி

என் மனைவியின் கருத்தடை மாத்திரைக்கு இன்னொரு ஆம்பிளை காசு கட்டுகிறான். இதைக் கேட்டும் உங்களுக்குக் கொதிக்கவில்லையென்றால் மேற்கொண்டு வாசிக்க வேண்டாம்.

ரூபி பாரிஸில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் பாலச்சந்திரனின் புடவைக்கடையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். வெங்காயம் வெட்டியபடி சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, இனி மாத்திரைக்கு நாங்கள் ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை. அரசாங்கம் கட்டாத மிச்சத்தைக் கடையின்ரை மியூத்துவெல் கட்டும்."

"அந்தக் காப்புறுதிக்கு ஆர் கட்டுறது?"

"பாதி என்ரை சம்பளத்திலை. பாதி முதலாளி."

"எந்த முதலாளி?"

"எனக்கு எத்தினை முதலாளி? பாலச்சந்திரன் அண்ணைதான்."

அவனுக்கு முறுக்கு மீசை. அடுத்த மெட்ரோ ஸ்டேஷன் ஸ்டாலின்கிராட் வரைக்கும் மணக்கிற சென்ட். நேற்றுவரை அதெல்லாம் எனக்குப் பிரச்சினையே இல்லை.

"அவன் ஏன் எங்கடை கட்டிலுக்குக் காசு கட்டுறான்?"

"பல்லுக்கும் கண்ணாடிக்கும் சேர்த்துத்தானப்பா கட்டுறார்."

"பல்லுக்குக் கட்டட்டும்! இதுக்கு வேண்டாம்!"

"அப்ப ஆர் கட்டுறது?"

"நான்! நீ அந்த மாத்திரையை நிப்பாட்டு. இனி இது என்ரை பொறுப்பு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சத்தியமா? பார்மசிக்கு நீங்களே போவியளோ?"

"போவன்!"

மாத்திரை தலையிடி தருகிறது, நீங்கள் ஏதாவது பாருங்கோ என்று மூன்று வருடமாகக் கெஞ்சியவள். வெட்கம் என்று மறுத்தவன் நான். பொறாமை வந்தால் வெட்கம் போய்விடும். மூளையும் கூடவே போய்விடும்.

சனிக்கிழமை பார்மசி முழுக்கத் தமிழ் முகம். ஆணுறை வேண்டுமென்று காற்றுக்கே கேட்காத குரலில் கேட்டேன். கவுண்டரில் நின்ற பிரெஞ்சுக்காரி அதையே திருவிழா லவுட்ஸ்பீக்கர் மாதிரித் திருப்பிச் சொன்னாள். காப்புறுதி கார்டைக் கேட்டாள்.

"வேண்டாம். நானே கட்டுறன்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினேன். பின்னால் அந்தச் சென்ட் மணம். அந்த மீசை. கையில் அதே பெட்டி.

"அண்ணை, நீங்களோ? கார்ட் இல்லையோ?"

பாலச்சந்திரன் நிலத்தைப் பார்த்தார்.

"என்ரை மனுசி கோசலை ஒரு நகைக்கடையிலை வேலை, தம்பி. அந்த முதலாளி பாதி கட்டுறானாம். விடுவனே?"

வீட்டுக்கு வந்து மூச்சு வாங்க ரூபியிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியுமப்பா. கோசலை அக்காதான் சொல்லித் தந்தவ. 'முதலாளி எண்ட சொல்லை மட்டும் போட்டுவிடு ரூபி, மிச்சத்தை அவரே செய்வார்' எண்டு."