சிவப்பா, பச்சையா, நீலமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கிடங்கு வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எல்லாம் ஒரு காலத்தில் சாலையைக் கலக்கிய வேகக் கார்கள். தாழ்ந்த கூரை, அகன்ற டயர், அடிவயிற்றிலிருந்து வரும் உறுமல். இப்போது வயதாகிவிட்டது. வேகமாகப் போனால் எஞ்சின் சூடேறும். நெரிசலில் நின்றால் இன்னும் சூடேறும். சொந்தக்காரர்கள் அதைவிடச் சூடேறிப்போய் வரிசையில் நின்றார்கள்.

உள்ளே குளிர்ஞானி இருந்தார்.

அவருடைய இயற்பெயர் என்ன, முன்பு என்ன பிழைப்பு, யாருக்கும் தெரியாது. ஒரு பழைய காரை வாங்குவதற்குமுன் எத்தனை கை மாறியது, எங்கே இடித்தது என்று துருவித் துருவிக் கேட்கிற கூட்டம் அது. ஞானியை மட்டும் அப்படியே வாங்கிக்கொண்டது.

வைத்தியம் மிக எளிது. பட்டு நூலில் ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கைக் கட்டி, மூடிய பானெட்டுக்கு மேலே தொங்க விடுவார். கண்ணை மூடுவார். பிளக் வலப்பக்கம் சுற்றினால் எஞ்சினுக்குப் பித்தம், சிவப்பு கூலன்ட். இடப்பக்கம் சுற்றினால் வாதம், பச்சை. அசையாமல் நின்றால் கபம், நீலம். அந்தந்த நிறக் கேனையும் அவரே காசுக்குக் கொடுப்பார். எஞ்சினைச் சுற்றி ஓடி அதன் சூட்டை வாங்கிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் இறக்கிவைக்கிற அந்தத் திரவத்துக்கு இப்படி ஒரு நாடி சாஸ்திரம் இருப்பது அதைச் செய்கிற கம்பெனிகளுக்கே தெரியாது, பாவம்.

ஒரே ஒரு நிபந்தனை. ஊசல் நிறம் சொல்லும்வரை பானெட்டைத் திறக்கக் கூடாது.

"திறந்து பாத்துச் சொல்றதுக்கு மெக்கானிக் போதுமே, நான் எதுக்கு?" என்பார் ஞானி.

கூட்டம் கைதட்டும். நல்ல கேள்வி. அதற்கு யாராவது பதில் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வரிசையில் தவறாமல் நின்றவர்களில் ஒருவர் வக்கீல். நீதிமன்றத்தில் அவர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தால் சாட்சிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். 'பார்த்தேன்' என்று சொன்னவனிடம் எந்தக் கண்ணால் பார்த்தாய் என்று கேட்கிற ஆசாமி. அப்படிப்பட்டவர் ஞானியின் முன்னால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய கறுப்புக் காருக்கு நீலம் என்று ஊசல் சொன்னது. ரேடியேட்டரில் இருந்ததைக் கழுவி ஊற்றிவிட்டு நீலத்தை நிரப்பினார். ஆறு மாதமாக அதே நீலம்தான் ஓடியது.

வக்கீலின் மனைவிக்குச் சொந்தமாக மருந்துக்கடை. அட்டையைத் திருப்பிப் படிக்காமல் ஒரு மாத்திரையைக்கூடக் கொடுக்க மாட்டார்.

"என்னங்க, இந்தக் கேன்ல ஒரு எழுத்துக்கூட இல்லையே. உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"அதான் நீலமா இருக்கே!"

"என் கடையில நீலமா பத்து மாத்திரை இருக்கு. ஒண்ணு தூக்கத்துக்கு, ஒண்ணு வயித்துப்போக்குக்கு. கலரைப் பாத்தா முழுங்குவீங்க?"

"உனக்கு எல்லாமே மருந்துக்கடைதாம்மா" என்று வக்கீல் வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

அம்மையார் மேல்முறையீட்டுக்குப் போனார். காரோடு வந்த கையேட்டைத் தூசி தட்டி எடுத்துப் படித்தார். எஞ்சினின் உடல் இரும்பு, தலை அலுமினியம். இரண்டையும் அரிக்கவிடாத மருந்து சேர்ந்த பழைய வகைக் கூலன்ட்தான் வேண்டும், காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதி கலக்க வேண்டும், வேறு வகையைக் கலக்கக் கூடாது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று பச்சைக்குழந்தைக்கும் புரிகிற மாதிரி போட்டிருந்தது. பித்தம் என்ற சொல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை இல்லை. கடையில் கேட்டு அந்த வகையில் ஒரு கேன் வாங்கிவந்தார். தூக்கிப்போட வைத்திருந்த இரண்டு டப்பாக்களில், ஒன்றில் அதைச் சரிபாதி நீரோடு கலந்ததையும் மற்றதில் ஞானியின் நீலத்தையும் ஊற்றி, மூடி, ஃப்ரீசரில் வைத்தார்.

மறுநாள் காலையில் கடைச் சரக்கு குலுக்கினால் தளும்பியது. ஞானியின் சரக்கு கல்லாக உறைந்து கிடந்தது.

"பாத்தீங்களா? நல்ல கூலன்ட் இந்தக் குளிருக்கு உறையாது. உங்க ஞானி குடுத்தது வெறும் தண்ணி. சாயத் தண்ணி."

வக்கீல் அந்த நீலக் கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எவ்வளவு குளிர்ச்சி பாத்தியா! கடையில வாங்கினதுக்கு இந்தச் சக்தி இருக்கா?"

நம்பிக்கை என்பது இதுதான். கையில் பனிக்கட்டியைக் கொடுத்தாலும் கரையாது.

கார் கரைந்தது. அந்த வாரமே மேம்பாலத்தில் ஏறும்போது வெப்பமானி முள் சிவப்புக்குத் தாவியது. முன்பக்கம் நீராவி கிளம்ப, வக்கீல் பதறிப்போய் இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கொதிநீர் பீறிட்டு வலது கை வெந்துபோனது. மருந்து தடவிக் கட்டுப் போட்ட மனைவி முடிச்சைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். அவ்வளவு பயந்திருந்தார்.

மெக்கானிக் எஞ்சினைக் கழற்றிக் கீழே இறக்கினார். தலை வளைந்திருந்தது. நீர் ஓடும் வழியெல்லாம் துருச் சேறு.

"இதுல என்ன சார் ஊத்தினீங்க, குழாத்தண்ணியா?"

வக்கீல் வீட்டுக்கு வந்து ஞானிக்குப் போன் போட்டார். முந்தின சொந்தக்காரனின் கோபம் எஞ்சினில் தங்கியிருந்ததாம், இப்போது வெளியேறிவிட்டதாம், புதிதாகப் பார்த்து வேறு நிறம் தர வேண்டுமாம்.

"ஞாயித்துக்கிழமை போகணும்" என்றார் வக்கீல், கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டு.

சண்டை வெடிக்கும் என்று எதிர்பார்த்தார். மனைவி சிரித்தார்.

"போவோம். நானும் வரேன். காரையும் கொண்டுபோவோம்."

"எஞ்சின்தான் மெக்கானிக்கிட்ட கிடக்கே?"

"அவர்தான் பானெட்டைத் திறக்கவே மாட்டாரே. நிஜமான ஞானின்னா எஞ்சின் இல்லைன்னு ஊசல் சொல்லிடும். சொல்லிட்டா ஆயுசுக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். சம்மதமா?"

வாயைத் திறக்க மாட்டேன் என்றதும் வக்கீல் சபலப்பட்டுவிட்டார்.

எஞ்சின் இல்லாத காரின் மூக்கு ஆகாயத்தைப் பார்த்தது. இரண்டு மணல் மூட்டைகளை உள்ளே வைத்துக் கட்டியதும் மரியாதையாகக் குனிந்தது. கயிறு கட்டி இழுத்துப் போனார்கள்.

வரிசையில் ஞானியின் சீடர் வந்து விசாரித்தார். அவர் வேலையே அதுதான். வெளியே கேட்பதை உள்ளே போய்க் காதில் ஓதுவார். உள்ளே ஞானி கண்ணை மூடி அதையே அருள்வாக்காகச் சொல்லுவார்.

"வண்டியில என்ன பிரச்சினைம்மா?"

"ஸ்டார்ட்டே ஆகல" என்றார் மருந்துக்கடை அம்மா.

"சூடாகுதா?"

"இப்ப சுத்தமா இல்ல."

"சத்தம், புகை?"

"மூச்சுக்கூடக் காணோம்."

ஒரு பொய் உண்டா பாருங்கள்.

ஞானி வந்தார். ஊசலைத் தொங்க விட்டார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிளக் மெல்ல ஆடி, வலப்பக்கமாக வட்டம் போட ஆரம்பித்தது. வக்கீலின் முகத்தில் வியர்வை.

"அடேயப்பா!" என்றார் ஞானி. "எஞ்சின் வெளிய அமைதியா இருக்கு, உள்ள துடிக்குது. பித்தம் தலைக்கேறி நிக்குது. என் கையே சுடுது. உடனே சிவப்பு!"

"ஐயா, உங்க கையாலயே ஊத்திடுங்க" என்று அம்மையார் கைகூப்பினார். "எங்க கை ராசியில்ல. வீட்டுக்காரர் கையைப் பாருங்க."

ஞானி தயங்கினார். "நல்ல மனசுக்காரர், ஊத்துவார்" என்று கூட்டம் குரல் கொடுத்தது. புகழுக்கு மயங்காத ஞானி ஏது? சிவப்புக் கேனைத் தூக்கிக்கொண்டார். "சரி, திறங்க."

வக்கீல் இடது கையால் பானெட்டைத் தூக்கினார்.

இரண்டு மணல் மூட்டைகள் அருகருகே அமைதியாக உட்கார்ந்திருந்தன.

"எதுக்குங்க ஐயா பித்தம்?" என்றார் அம்மையார். "வலது மூட்டைக்கா, இடது மூட்டைக்கா?"

முதலில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு கிடங்கே சிரித்தது. ஞானி லேசான ஆள் இல்லை; சமாளித்தார்.

"உடம்பு போனா என்ன? எஞ்சினோட ஆன்மா இங்கதான் சுத்துது. ஊசல் அதைத்தான் காட்டிச்சு."

"ஆன்மாவுக்கு எதுக்குய்யா ரேடியேட்டர் தண்ணி?" என்றது ஒரு குரல்.

அப்போதுதான் வக்கீலுக்குள் இருந்த வக்கீல் திரும்பி வந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. எஞ்சின் இங்க இல்லைன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்? பானெட் திறக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பதிலுக்கு வக்கீல் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று பின்னாலிருந்த திரையை விலக்கினார். ஒரு குழாய், அதில் மாட்டிய ரப்பர் ட்யூப், வரிசையாகக் காலிக் கேன்கள், துணிக்குப் போடும் சாயப் பொட்டலங்கள். சிவப்பு, பச்சை, நீலம். பித்தம், வாதம், கபம்.

ஞானி பின்வாசல் வழியாகத் தன் காரை நோக்கி நடந்தார். நடை என்று சொன்னது மரியாதைக்காக. கூட்டம் முந்திக்கொண்டது. "உங்களுக்கு என்ன நிறம்னு பாக்கலாம் ஐயா" என்று யாரோ பானெட்டைத் திறந்தார்கள். கம்பெனி சர்வீஸ் நிலையத்தின் சீட்டு உள்ளே பளிச்சென்று ஒட்டியிருந்தது: கையேட்டில் சொன்ன கூலன்ட், போன மாதம்தான் மாற்றியது. தன் காரை மட்டும் ஞானி ஊசலிடம் ஒப்படைக்கவில்லை. அறிவாளி!

கொடுத்த பணத்தையெல்லாம் திருப்பி வைத்துவிட்டுப் போகச் சொல்லி அவரைச் சுற்றி நின்றார்கள். காவல்துறைக்குப் போன் போட்டவர் வக்கீல்தான். பிறகு மனைவியின் பக்கத்தில் வந்து நின்று, "நீ வாயைத் திறக்கலாம்" என்றார்.

"அது எப்பவும் திறந்துதான் இருக்கு. நீங்கதான் காதை மூடியிருந்தீங்க."

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். மஞ்சள் கார்க்காரர் ஒருவர் பவ்வியமாக அம்மையாரிடம் வந்தார். காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"அம்மா, உங்க வாயால சொல்லுங்க. என் வண்டிக்கு என்ன கலர்?"

அவருக்குப் பின்னால் அதற்குள் ஒரு வரிசை உருவாகியிருந்தது.

"கலரைப் பாக்காதீங்க. உங்க வண்டியோட கையேட்டைப் படிங்க, கேனோட பின்பக்கத்தைப் படிங்க, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. அவ்வளவுதான்."

"அதையெல்லாம் படிச்சா தலை வலிக்குமேம்மா."

"வலிக்கட்டும். அதுக்கு என் கடையில மாத்திரை இருக்கு."

எஞ்சின் சூடாகிறதே என்று இத்தனை பதறுகிற மகாஜனங்களே, மூளையையும் கொஞ்சம் சூடாக விடுங்கள். அது கொதித்து யார் கையும் வெந்ததில்லை.