எட்டாம் வகுப்பில் கட்டாத மூன்று கோபுரங்கள்

கோட்டைக்குப்பம்,
திங்கள் மாலை.

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, மைத்துனன் சகாதேவன் வணக்கத்துடன் எழுதுவது. நலம் என்று எழுதுவதுதான் மரியாதை என்பதால், நலம். அக்காவின் முட்டிவலி தேவலையா?

இத்துடன் என் மாறுதல் மனு இருக்கிறது. கடிதம் கிடைத்த அன்றே கல்வி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அறிவியல் வாத்தியாராக நான் லாயக்கில்லை என்பது முதல் பீரியடிலேயே தெரிந்துவிட்டது.

"முதல் நாள் புத்தகத்தைத் தொடாதே, பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து விளையாட விடு, ஒற்றுமை தானாக வரும்" என்று சொன்னது நீங்கள். இந்தப் பள்ளியில் அறிவியல் வாத்தியார் யாரும் நிலைப்பதில்லையாம். "நீங்களாவது இருப்பீங்களா சார்?" என்று தலைமையாசிரியை வளர்மதி கேட்டதற்கு, "ஒரு பீரியட் பாருங்க மேடம்" என்று மார்தட்டியது நான். முதலில் பெயரோடு ஒரு விலங்கைச் சேர்த்துச் சொல்லும் விளையாட்டு. நானே தொடங்கி, "சிங்கம் சகாதேவன்!" என்று கர்ஜித்தேன். பக்கத்து ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை வீறிட்டு அழ, நானே போய்ப் பூனையாகக் கத்திக் காட்டிச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. திரும்பி வந்து, எட்டாம் வகுப்பை நான்கு குழுவாக்கி, ஸ்ட்ராவும் செலோடேப்பும் கொடுத்து, உயரமான கோபுரம் கட்டும் குழுவுக்கு பிஸ்கட் பாக்கெட் என்று அறிவித்தேன். பிள்ளைகள் குசுகுசுவென்று பேசிச் சீட்டுக் குலுக்கினார்கள். குழுத்தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பூரித்துப்போனேன். பார்த்தால், ரிஃபாவின் குழு மட்டும் எல்லா ஸ்ட்ராவையும் வாங்கிக்கொண்டு கட்டுகிறது, மற்ற மூன்று குழுவும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"ஏம்பா ஜோயல், நீங்க கட்டலியா?"

"இன்னிக்கு அவுங்க பாடு சார். நாளிக்குதான் எங்க பாடு."

"போட்டின்னா எல்லாரும் கட்டணும்பா!"

"எல்லாரும் ஒரே எடத்துல வலை போட்டா இன்னா சார் கெடைக்கும்?" என்றாள் மஞ்சு.

இந்தப் பிள்ளைகளின் வீட்டார் மீன் பிடிக்கும் ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று இங்கே சீட்டுப் போட்டு முறை வைப்பார்களாம். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. ஒற்றுமையை வளர்க்கப் போன நான், "போட்டி போடுங்கப்பா, கொஞ்சமாவது சண்டை போடுங்கப்பா" என்று மேஜையைத் தட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தபோதுதானா வளர்மதி மேடம் வாசலில் வந்து நிற்க வேண்டும்? "ஒத்துமை எப்படி சார் வளருது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது மாமா. பிஸ்கட்டை ரிஃபா குழு தின்றது. ஏக்கமாகப் பார்த்தது நான் ஒருவன்தான்.

அக்காவுக்கு என் அன்பு. மனுவை மறந்துவிட வேண்டாம்.

உங்கள் ஆசியை மட்டுமே நம்பியிருக்கும்,
சகாதேவன்.

பி.கு.: உறைக்குள் மனு இருக்காது, தேடாதீர்கள். கடிதத்தை மடிக்கும்போது ரிஃபாவும் ஜோயலும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "சீட்டுல உங்க பேர வுட்டுட்டோம் சார். இப்ப சேத்துட்டோம். வெள்ளிக்கெழம உங்க பாடு. நீங்க கட்டுங்க, நாங்க பாக்குறோம்" என்றாள் ரிஃபா. "நடுவுல ஊருக்குப் போயிட்டீங்கன்னா உங்க பாடு போயிடும் சார்" என்று ஜோயல் எச்சரித்தான். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள் மாமா, சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதிருந்து ஒத்திகைதான். கோபுரம் ஒரு சாண் ஏறியதும் சாய்ந்துவிடுகிறது. எப்படிக் கட்டுவது என்று தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.